பாரிஸ் மூணு நாள், வடக்கே சூலம்

"என் பேரு அலெக்ஸ். வயசு இருவத்தி நாலு. இப்ப இருக்கற எடம் சரியாத் தெரியல, திண்டிவனத்துல எங்கயோ ஒரு மாடி ரூமு. ஜெசிந்தா அக்கா, நான்தான். வெரலு வீங்கிக் கெடக்குது, டைப் பண்ண முடியல. வாயாலதான் சொல்லிக்கினு இருக்கேன். வெளிய பூட்டி வெச்சிருக்காங்க. இந்த மெயிலுக்கு பதில் போடாத. அவங்க பாத்துடுவாங்க. பாத்தா என்ன…"

அதோடு நின்றிருந்தது.

விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெசிந்தா, செல்போனில் வந்த அந்த மெயிலை மூன்று முறை படித்தாள். மெஷினில் காப்பி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு காப்பி கேட்டவருக்கு நாற்பது விழுந்திருந்தது.

"என்னாம்மா இது?" என்றார் அவர்.

ஜெசிந்தா ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

இன்ஸ்பெக்டர் பானுப்ரியா மெயிலைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தம்பி என்ன வேல பாக்கறான்?"

"டூர் பிளான் போடறான் மேடம். ரெண்டு வருசம் லிஸ்பன்ல சைக்கிள்ல சாப்பாடு டெலிவரி பண்ணிக்கினு இருந்தான். லீவு வுட்டா போதும், பஸ் ஏறி ஊர் ஊரா சுத்துவான். எந்த ஊர்ல எது ஓசி, எங்க படுத்தா சீப்புன்னு அத்தனையும் மனப்பாடம். விசா முடிஞ்சி ஊருக்கு வந்துட்டான். திண்டிவனத்துல ஏழுகடல் டூர்ஸ்னு ஒரு கம்பெனில வேலைக்கு எடுத்தாங்க. பத்து நாளா போன் ஆப்ல இருக்குது."

"ஆபீஸ்ல கேட்டியா?"

"பூட்டிக் கெடக்குது மேடம்."

பானுப்ரியா செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"திண்டிவனத்துல மாடி ரூமு ஆயிரம் இருக்குதும்மா. எந்த ரூமுன்னு தேடறது? அடுத்த மெயில் வந்தா ஓடியா."

அதே நேரம்…

திண்டிவனம். ஏதோ ஒரு மாடி. ஜன்னல் முழுக்கப் பலகை அடித்த அறை.

அலெக்ஸ் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். வலது கையில் மூன்று விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. ஆறு நாள் முன்பு அவன் தப்பிக்கப் பார்த்தபோது ராஜ்குமார் கதவைச் சாத்தினான். கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல்கள் இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

கவனித்திருந்தாலும் சாத்தியிருப்பான். முதலாளி சொன்னால் எதையும் செய்யும் அடியாள் அவன்.

ராஜ்குமார் டீ வாங்கிக்கொண்டு மாடி ஏறினான். பூட்டுத் திறந்தது.

"யாராண்ட பேசிக்கினு இருந்த?"

அலெக்ஸ் மெயில் பக்கத்தை மூடி ஒரு நொடிகூட ஆகவில்லை.

"பாரிஸ் மூணாவது நாளு சொல்லிக்கினு இருந்தேன். கையால அடிக்க முடியலயே, வாயால சொன்னாத்தான ஏறும்?"

"செரி, ஜல்தியா சொல்லி முடி. அண்ணன் வர்றாரு."

"ராஜ்குமாரு… ஒண்ணு கேக்கறேன். போன கோஷ்டி இருவத்தி மூணு பேரு. போயி சேந்ததும் ரிட்டர்ன் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டீங்க. ஒருத்தன்கூட திரும்பல. எங்க அவங்கள்லாம்?"

ராஜ்குமார் டீயை ஊதிக் குடித்தான்.

"ஒனக்கு முன்னாடி பிளான் போட்டவனும் இதத்தான் கேட்டான்."

"அவன் எங்க?"

"பைபாஸ்ல லாரி அடிச்சி செத்தான். டீ ஆறுது, குடி."

அலெக்ஸ் டீயைக் குடிக்கவில்லை.

ஏழுகடல் டூர்ஸ் முதலாளி சீனுவாசன் உள்ளே வந்தார். ஐம்பது வயது. நெற்றி நிறையத் திருநீறு. சட்டைப் பையில் பஞ்சாங்கம். குரல் மட்டும் பஞ்சு.

"தம்பி சாப்டாச்சா? எங்க, பிளானப் படி கேப்போம்."

"பாரிஸ் மூணு நாள் சார். மொத நாளு ஈபில் டவரு, கீழ நின்னு பாத்தா காசு இல்ல. ரெண்டாவது நாளு ஆத்தோரமா நடக்கறது. மூணாவது நாளு மலை மேல கோயிலு, அதுவும் ஓசி. தங்கறது எட்டுப் பேரு படுக்கற ஹாஸ்டலு. புதன்கெழம காலைல பஸ் ஏறி ஆம்ஸ்டர்டாம். ரொம்ப சீப்பு."

சீனுவாசன் பஞ்சாங்கத்தை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"ஆம்ஸ்டர்டாமு பாரிசுக்கு எந்தப் பக்கம்?"

"வடக்க சார்."

"புதன்கெழம வடக்கே சூலம். வியாழக்கெழம மாத்து."

"வியாழக்கெழம டபுள் ரேட்டு சார். அந்த ஊர்ல சூலம்லாம் யாருக்குத் தெரியும்?"

"சூலத்துக்குத் தெரியும். மாத்து."

மாற்றினான். பத்து நாளாக இதே கதைதான். பிராகாவுக்குக் கிழக்கே போக வேண்டுமா? திங்களும் சனியும் கிடையாது. ரோமுக்குத் தெற்கே இறங்க வேண்டுமா? வியாழன் கூடாது. மலிவு பஸ்ஸெல்லாம் அலெக்ஸின் கண் எதிரே போய்க்கொண்டே இருந்தன.

"விசா ஆபீஸ்ல கைரேக வெக்க தேதி வாங்கிட்டியா தம்பி? எந்த நாளு?"

அலெக்ஸ் திரையைப் பார்த்தான். செவ்வாய், புதன், வியாழன்… மூன்றும் காலியாக இருந்தன.

விசா ஆபீஸ் சென்னையில். சென்னை, திண்டிவனத்துக்கு வடக்கே.

அவனை அடைத்து வைத்திருப்பது ஒரு பூட்டு. இந்த மனிதரை அடைத்து வைத்திருப்பது சட்டைப் பையில் இருக்கும் அந்தப் புத்தகம்.

"புதன்கெழமதான் சார் கெடச்சிது. பதினோரு மணி. அத வுட்டா அடுத்த மாசம்தான்."

சீனுவாசன் முகம் கறுத்தது.

"அட பேஜாரே. புதன் வடக்கே சூலமாச்சே."

"அண்ணே, பரிகாரந்தான் இருக்குதே. பால் குடிச்சிட்டுக் கெளம்புவோம்," என்றான் ராஜ்குமார்.

"போன தடவ பால் குடிச்சிட்டுத்தான்டா போனோம். அஞ்சி விசா ரிஜெக்ட்டு."

அலெக்ஸ் தொண்டையைச் செருமினான். இப்போது தவறினால் பைபாஸ். லாரி.

"சார்… பொறப்படற தெசதான முக்கியம்? தெக்க கெளம்பிட்டா? வேன்ல விழுப்புரம் போயிடுவோம். அங்க ஜங்ஷன்ல ஆறே கால் வண்டி ஏறுனா சென்ன. வூட்ட வுட்டுக் கெளம்பறது தெக்கதான?"

ராஜ்குமார் சிரித்தான்.

"யோவ், அந்த வண்டி திண்டிவனத்துலயே நிக்குமேய்யா. இங்க ஏற வேண்டியத வுட்டுட்டு முப்பத்தேழு கிலோமீட்டரு பின்னால போயி ஏறணுமா?"

சீனுவாசன் அவனை முறைத்தார்.

"நீ சும்மா கெட. பொறப்படற தெசதான்டா கணக்கு. தம்பி வெவரம். பத்து டிக்கெட்டு போடு. இந்தத் தடவ டூரு போற எட்டுப் பேரு, நீ, பத்தாவதா என் பேரையும் பயணின்னு சேத்துடு. நானும் கூட வர்றேன்."

"நானுமா சார்?"

"குரூப் லீடரே நீதான தம்பி. நீ இல்லாம எப்படி?"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ராஜ்குமார் டீக்கு இறங்கினான். அலெக்ஸ் மைக்கிடம் வாயைக் கொண்டுபோய்க் கிசுகிசுத்தான்.

"அக்கா, நாளைக்கி காலைல ஆறே கால் சென்ன வண்டி. விழுப்புரம் ஜங்ஷன். போலீசோட வா. வண்டி கெளம்பறதுக்குள்ள வந்துடு அக்கா. வுட்டா நான் அவ்ளோதான்."

புதன்கிழமை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேன் நின்றபோது மணி ஐந்தரை. பின்னால் டூருக்குக் கிளம்பிய எட்டுப் பேர். ஜன்னலோரம் ராஜ்குமார். அவன் கையில் ஒரு பேனாக்கத்தி. அலெக்ஸின் இடுப்பில் அதன் முனை. இறங்கி நடந்தால் இருபது நிமிடத்தில் சொந்த ஊர், சொந்த வீடு. அலெக்ஸ் டோல்கேட் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே போனான்.

விழுப்புரம் ஜங்ஷன். டீக்கடை மறைவில் ஜெசிந்தா நின்றிருந்தாள். பக்கத்தில் சுடிதாரில் பானுப்ரியா.

வண்டி வருவதற்குள் நான்கு பக்கமும் மஃப்டி போலீஸ். ராஜ்குமார் கையிலிருந்த பேனாக்கத்தி தண்டவாளத்தில் விழுந்தது.

அலெக்ஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். முடிந்தது. எல்லாம் முடிந்தது.

முடியவில்லை.

வெயிட்டிங் ஹாலில் எட்டுப் பேரையும் வரிசையாக உட்கார வைத்தாள் பானுப்ரியா. முதல் ஆள் விருத்தாசலம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். புது பேண்ட், புது பெல்ட், பழைய செருப்பு.

"உங்கள கடத்திக்கினு போறாங்கன்னு எங்களுக்கு சந்தேகம்."

விருத்தாசலம் எழுந்து நின்றார்.

"எங்கள யாரும்மா கடத்தனாங்க? நாங்க டூரு போறோங்க. ஈபில் டவரு பாக்கப் போறோம்."

"யாரு ஏற்பாடு?"

எட்டுக் கைகள் ஒன்றாக நீண்டன.

அலெக்ஸை நோக்கி.

"இந்தத் தம்பிதாங்க. ஆரம்பத்துல இருந்து எல்லாம் இவருதான்."

"ஐயா, இன்னா சொல்றீங்க?" என்றான் அலெக்ஸ்.

சீனுவாசன் கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அம்மா, நானும் ஒரு பயணிதாங்க. பாருங்க, பத்தாவது பேரு. ஹாஸ்டலு, பஸ்ஸு, விசா தேதி, எல்லாத்துக்கும் இந்தத் தம்பி மெயிலுதான். பிளான் சொன்ன குரலும் தம்பிதுதான். எங்களுக்கு இன்னாங்க தெரியும்?"

"பொய் மேடம். பன்னெண்டு நாளா என்ன பூட்டி வெச்சிருந்தாங்க. இந்த வெரலப் பாருங்க."

"கதவு எல்லா வூட்லயும்தாம்மா இருக்குது. இவன மாதிரி கவனமில்லாத பசங்க வெரல வெச்சிட்டா நாம இன்னா பண்றது?"

"கத்தி?"

"ராஜ்குமாரு ஆப்பிள் நறுக்கக் கொண்டாந்தாங்க."

ஆப்பிள் கூட இருந்தது. இரண்டு கிலோ.

அலெக்ஸ் பக்கம் அவனே அனுப்பிய மெயிலைத் தவிர வேறு சாட்சி இல்லை. கான்ஸ்டபிளின் கை அவன் காலருக்கு வந்தது. அந்த அறையில் ஜன்னல்தான் இல்லை. இங்கே ஜன்னல், கதவு, தண்டவாளம், வானம் எல்லாம் இருந்தும் வெளியே போக வழியில்லை.

"மேடம், என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல," ஜெசிந்தா அழுதாள்.

பானுப்ரியா பயணத் திட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பதினைந்து பக்கம்.

"அலெக்ஸ். டவர் மேல ஏறாம கீழ நின்னு பாக்கச் சொல்ற ஆளு நீ. ஆம்ஸ்டர்டாம் பஸ்ஸுக்கு மட்டும் ஏன் டபுள் ரேட்டு நாளாப் பாத்து போட்டிருக்க?"

"அவருதான் மேடம் மாத்தச் சொன்னாரு."

"நான் எங்கம்மா சொன்னேன்? எனக்கு ஆம்ஸ்டர்டாமு கெழக்கயா மேற்கயான்னே தெரியாது."

பானுப்ரியா காகிதத்தை மூடினாள்.

"செரி. பையன் மாட்டிக்கினான். நீங்க வூட்டுக்குப் போலாம் சீனுவாசன். ஒரே ஒரு உதவி. இதே மாதிரி கேஸ் ஒண்ணு செஞ்சி கோர்ட்டுல நடக்குது. அதுல இவனுக்கு எதிரா நீங்க சாட்சி சொல்லணும். திண்டிவனத்துல இருந்து நேரா வந்துடுங்க. வர்ற வெள்ளிக்கெழம."

செஞ்சி, திண்டிவனத்துக்கு மேற்கே. சீனுவாசனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"வெள்ளிக்கெழமங்களா…"

"ஏன், வேற வேல இருக்குதா?"

"வேல இல்லம்மா. வியாழக்கெழமயே வந்து தங்கிடட்டுமா? வெள்ளிக்கெழம மேற்கே…"

நாக்கு அங்கேயே நின்றது. ஆனால் பஞ்சாங்கம் ஏற்கெனவே வெளியே வந்திருந்தது.

பானுப்ரியா அதைக் கையில் வாங்கினாள்.

"சொல்லுங்க. மேற்கே?"

"ஒண்ணுமில்லம்மா…"

"நான் சொல்றேன். பதினோரு ஊரு. ஒரு நாளுகூட சூலத்துக்கு எதிரா பஸ் ஏறல. இவன் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவன், பஞ்சாங்கத்தத் தலைகீழாப் புடிப்பான். திண்டிவனத்துலயே நிக்கற வண்டிய வுட்டுட்டு, பத்து பேரையும் இழுத்துக்கினு தெக்க வந்து ஏறுனது யாருக்காக? ஆப்பிள் தின்னவா?"

ராஜ்குமார் ஓடப் பார்த்தான். ஜெசிந்தா காலை நீட்டினாள். விழுந்தவன் எழுந்திருக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டான்.

"லாரி ஓட்னது நான் இல்லீங்க மேடம். ஏற்பாடு பண்ணது இவருதாங்க."

மத்தியானம். ஜெராக்ஸ் கடை.

அலெக்ஸ் மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு வெயில். கண் கூசியது. நன்றாக இருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. எட்டு நிழல்கள்.

"தம்பி, மன்னிச்சிக்கோ," என்றார் விருத்தாசலம். "யாரு கேட்டாலும் ஒன் பேரச் சொல்லச் சொல்லி அந்தாளு படிச்சிப் படிச்சி சொன்னான். போனதும் பாஸ்போர்ட்டப் புடுங்கிக்கினு கூடாரத்துல படுக்கப் போட்டு பழம் பறிக்க வுட்டுடுவாங்களாமே. இன்ஸ்பெக்டரம்மா சொன்னாங்க."

"பரவால்ல ஐயா. நல்லபடியா வூடு போயி சேருங்க."

யாரும் நகரவில்லை.

"அது இல்ல தம்பி. பத்து நாளா பாரிசு, ஆம்ஸ்டர்டாமு, ரோமுன்னு உருப்போட்டுட்டோம். கண்ண மூடுனா டவருதான் தெரியுது. பாக்காம எப்படி வுடறது?"

"அதுக்கு?"

"திரும்பி வர்ற மாதிரி ஒரு பிளான் போட்டுக் குடு."

"ஐயா, என்ன வுட்டுடுங்க."

எட்டுப் பேரும் உள்ளே வந்தார்கள். கடைசியில் வந்தவர் ஷட்டரை இறக்கினார். மெஷின் மேல் புதுப் பேப்பர் கட்டு ஒன்றை வைத்தார் விருத்தாசலம்.

"போட்டு முடிச்சிட்டுப் போ தம்பி. அவசரமே இல்ல. ஒங்க அக்கா எல்லாருக்கும் டீ வாங்கப் போயிருக்குது."

அலெக்ஸ் மெதுவாகச் செல்போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"இதப் படிக்கறவங்க யாரா இருந்தாலும் சரி… விழுப்புரம் பக்கம் வந்தீங்கன்னா, எங்க அக்கா கடை ஷட்டர கொஞ்சம் தூக்கி வுட்டுட்டுப் போங்க."