கதிர்க்கட்டு ஏந்தி வந்தவர்

மேற்கே செங்கதிரோன் மறைய, கிழக்கே எழுந்த முழுமதி ஆற்று அலைகளில் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்த அந்த அந்திப் பொழுதில், நெடுந்துறைக் கோட்டையின் படித்துறையில் ஒரு படகு மட்டும் விளக்கின்றிக் காத்திருந்தது. வாசகர்களே, அந்தப் படகைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு குடிகளின் தூதர் ஏறிச் சென்று நடு ஆற்றில் மூழ்கியதும் இப்படியொரு படகில்தான்.

மேலே மந்திராலோசனை மண்டபத்தில் வரி பற்றிய வாதம் நடந்தது. விளைச்சலில் ஆறில் ஒரு பங்காக இருந்த இறையை மூன்றில் ஒன்றாக்க வேண்டும் என்றார் முதலமைச்சர் மழவதரையர். மறுக்க வருபவர் முகத்தை மூடி நெற்கதிர்க்கட்டு ஏந்தி வருவது அந்நாட்டு வழக்கம். குடிகளே பேசுவதாகக் கொள்வதால் பெயர் கேட்பதில்லை. மன்னர் அந்தக் கதிர்க்கட்டை வாங்கினால் பழைய வரி நீடிக்கும்; வாங்காவிட்டால் புது வரிதான்.

முக்காடிட்ட தூதர் முன்வந்து கட்டை நீட்டியபோது நெல்மணிகள் தரையில் உதிர்ந்தன.

"எல்லைப் போருக்குப் பொன் வேண்டும். குடிகள் தராமல் வேறு யார் தருவார்?" என்றார் மழவதரையர்.

"பெருநிலக்காரர்களின் வயல்கள் வரியின்றிக் கிடக்கின்றன. தங்கள் வயல்களும் அவற்றில் உண்டு, ஐயா," என்றது பயத்தில் கரகரத்த குரல். "அவையும் ஆறில் ஒன்று தந்தால் போருக்குப் போதும். எளியவரிடம் மூன்றில் ஒன்று கேட்டால் விதைநெல்லும் மிஞ்சாது."

மன்னர் அரிகண்டர் அமைச்சரைப் பார்த்தார். படை முழுதும் அமைச்சர் கையில் இருந்தது. பாவம், அந்த மண்டபத்திலேயே மிகவும் பயந்திருந்தவர் அரியணையில் அமர்ந்திருந்தவர்தான். கட்டை வாங்க நீட்டிய கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தூதர் திரும்பட்டும். துறையில் படகு காத்திருக்கிறது," என்றார் மழவதரையர் பணிவாக.

தூதரின் கரம் முக்காட்டை விலக்கியது. நின்றவள் இளவரசி தேவநங்கை.

"அந்தப் படகின் அடிப்பலகையை அமைச்சரின் ஆட்கள் தளர்த்துவதை என் மாடத்திலிருந்து பார்த்தேன், அப்பா. தூது வந்த நன்னரை அங்கேயே பூட்டிவிட்டு வந்தேன். அவருக்கு மாலையிடுவதாக வாக்களித்தவள் நான். கட்டை வாங்காவிட்டால் படகில் நானே போக வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது."

மழவதரையர் காவலரை நோக்கிச் சைகை செய்தார். ஒருவரும் அசையவில்லை, அவர்களும் உழுகுடிகளின் பிள்ளைகளே.

மன்னர் இறங்கி வந்து கட்டை இரு கைகளாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு அமைச்சரை நோக்கித் திரும்பினார்.

"மழவதரையரே, படகு காத்திருக்கிறதல்லவா? தாங்கள் ஏறுங்கள்."