சிவப்பு நூல் கோத்த ஊசி

அம்ராவின் வீட்டில் ஊசிக்கு இருந்த மரியாதை வீட்டு ஆட்களுக்குக்கூட இல்லை.

அம்ராவின் உம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுப்பவர். கத்தரிக்கோலைக் கண்ட இடத்தில் வைத்தால் ஒரு முறைப்போடு விட்டுவிடுவார். ஊசி விஷயத்தில் மட்டும் அந்தச் சலுகை கிடையாது. ஊசியில் எப்போதும் ஒரு நூல் தொங்க வேண்டும். வேலை முடிந்ததும் அதைச் சின்னத் துணிப்பந்தில் குத்தி வைக்க வேண்டும். நூல் இல்லாத ஊசி கீழே விழுந்தால் யார் கண்ணுக்கும் படாது, யாருடைய காலுக்காவதுதான் படும் என்பார்.

அன்று ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள். தைத்து முடித்த சட்டைகளைப் பையில் அடுக்கிக்கொண்டு உம்மா வாசலில் நின்றார்.

"புள்ள, மூணு ஊசி தந்திருக்கன். மூணும் பந்துக்குத் திரும்ப வரணும். பின்னேரம் லைலா சாச்சி வாறா. பஸ்னா இப்ப தவழுற வயசு. தரையில கிடக்கிறதெல்லாம் அவட வாய்க்குள்ளதான் போகும். நெனப்பிருக்கட்டும்."

"ஓம் உம்மா."

"ஏதும் எண்டா ஜெயரூபி அன்ரியைக் கூப்பிடு. நான் கெதியா வந்திருவன்."

தம்பி அஸ்ஹானும் பெரிதாகத் தலையாட்டினான். அவனுக்கு ஐந்து வயது. எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். பிறகு தனக்குத் தோன்றியதைச் செய்வான்.

லைலா சாச்சி உம்மாவின் தங்கை. மூதூரில் இருக்கிறார். அவருடைய குழந்தை பஸ்னாவுக்கு இதுதான் முதல் ஹஜ்ஜுப் பெருநாள். "எல்லார் வீட்டிலயும் ஆடு நிக்குது. பஸ்னாக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று அஸ்ஹான் கேட்டான். அதனால்தான் அக்காவும் தம்பியும் பாயை விரித்து, உம்மாவின் வெட்டுத்துணிகளில் ஆடு தைக்க உட்கார்ந்திருந்தார்கள்.

அம்ரா தைத்த நீல ஆட்டுக்கு ஒரு கால் குட்டை. அஸ்ஹானுடைய ஆடு வெள்ளைத் துணியில் மண்ணிறப் புள்ளிகள் போட்டது. திருகோணமலைப் பிள்ளைகளுக்கு மானைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவை கடைத்தெருவிலேயே மாடுகளோடு மாடாகத் திரியும்.

"இது ஆடில்லடா. மான்" என்றாள் அம்ரா.

"ஆடுதான். பெருநாளைக்கு மான்ட சட்டையைப் போட்டிருக்கு."

அம்ராவுக்குச் சிரிப்பு வந்தது. சிவப்பு நூல் கோத்த ஊசியை அவன் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது உம்மாவைப் போலக் குரலையும் கனமாக்கிக்கொண்டாள்.

"கையில குத்தினியோ, அதோட உனக்குத் தையல் முடிஞ்சு. பிறகு ஊசியைத் தொடவே ஏலாது. வெளங்கிச்சா?"

அஸ்ஹான் தலையாட்டினான். நாக்கின் நுனியை வெளியே நீட்டியபடி, ஒரு முழம் இடைவெளி விட்டு ஒரு தையல் போட ஆரம்பித்தான்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெயரூபி அன்ரி கூப்பிட்டார். "அம்ரா, பெரிய சட்டி கேட்டவா உங்கட உம்மா. வந்து எடுத்துக்கொண்டு போங்கோ."

அம்ரா போய்ச் சட்டியை வாங்கிக் குசினியில் வைத்துவிட்டு வந்தாள். அதற்குள் அஸ்ஹான் தன் ஆட்டின் வயிற்றில் பஞ்சைத் திணித்து முடித்திருந்தான். ஆடு இரண்டு நாள் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டதுபோல் உப்பிக் கிடந்தது.

"ராத்தா, வயித்தை நீங்க மூடுங்க" என்றான், மெல்லிய குரலில்.

அஸ்ஹான் சத்தம் போடாமல் இருந்தால் எங்கேயோ ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அது அம்ராவுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் அவசரத்தில் இருந்தாள். பச்சை நூல் ஊசியால் ஆட்டின் வயிற்றை நெருக்கமாகத் தைத்து முடிச்சுப் போட்டாள்.

பிறகு இரண்டு ஆட்டையும் கட்டிலில் வைத்துவிட்டுப் பாயைச் சுருட்டப் போனவள் துணிப்பந்தைப் பார்த்தாள்.

பச்சை நூல் ஊசி இருந்தது. வெள்ளை நூல் ஊசி இருந்தது. சிவப்பு நூல் ஊசியைக் காணவில்லை.

"அஸ்ஹான், ஊசி எங்க?"

அவன் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினான்.

"உன்ட கையிலதானே தந்தன். எங்கடா வெச்ச?" அம்ராவின் குரல் உயர்ந்தது. அவன் உம்மா உட்கார்ந்து தைக்கும் கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

ஊசி மினுங்கும். பஸ்னாவுக்கு மினுங்குவதெல்லாம் பிடிக்கும். சென்ற முறை வந்தபோது சாச்சியின் முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கப் பார்த்தவள் அவள். அந்தச் சின்ன விரல்கள் தரையில் ஊசியைப் பொறுக்கி எடுத்து வாயில் வைப்பது அம்ராவின் கண் முன்னால் வந்தது. அவள் தலையை உலுக்கிப் பார்த்தாள். அது போகவில்லை.

பாயை வெளியே கொண்டுபோய் உதறினாள். கூட்டினாள். முழங்காலில் ஊர்ந்து சீமெந்துத் தரையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அவள் திடுக்கிட்டு அலுமாரியில் தலையை இடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் வாப்பாவின் ஆணி டின் நினைவுக்கு வந்தது. அதற்குள் பழைய ரேடியோவில் கழற்றிய காந்தம் ஒன்று கிடந்தது. அதை ஒரு கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுத்தாள். ஒரு குண்டூசி வந்தது. ஒரு கொண்டை ஊசி வந்தது. தையல் மெசினின் காலுக்கு அடியிலிருந்த வெடிப்பில் காந்தத்தை வைத்தபோது, டிக் என்று ஒன்று வந்து ஒட்டியது.

ஊசிதான். அம்ராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அதில் நூல் இல்லை. துருப்பிடித்திருந்தது. அது அவள் தேடிய ஊசி இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ தொலைத்த வேறொரு ஊசி.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக ஒரு எண்ணம் வந்தது. அதில் சிவப்பு நூலைக் கோத்தாள். துருப்பிடித்த பக்கம் உள்ளே போகும்படி பந்தில் ஆழக் குத்தினாள். இப்போது மூன்று நூல்கள் தொங்கின.

சற்று நேரத்தில் உம்மா வந்தார். வந்ததும் கண் பந்துக்குத்தான் போனது.

"மூணும் இருக்கு. நல்ல புள்ள" என்றார்.

நல்ல பிள்ளைக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கணக்குச் சரியாகிவிட்டது. ஆனால் ஊசி இன்னும் வீட்டுக்குள்தானே கிடக்கிறது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. லைலா சாச்சி இறங்கினார். அவர் இடுப்பில் இருந்த பஸ்னா, வீட்டுத் தரையைக் கண்டதும் இறங்க வேண்டுமென்று கால்களை உதைத்தாள். அம்ரா ஓடிப்போய் அவளை வாங்கித் தன் இடுப்பில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"பாருங்க ராத்தா, இவவுக்குத் தங்கச்சியில எவ்வளவு ஆசை" என்று சாச்சி உம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

பஸ்னா நெளிந்தாள். அம்ராவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். கடைசியில் அழத் தொடங்கினாள். அம்ராவின் கை கடுத்தது. ஆனாலும் அவள் விடவில்லை. கண் மட்டும் தரையிலேயே இருந்தது.

"ஏன் புள்ள அதைப் போட்டுப் பிசையிற? இறக்கி விடு" என்றார் உம்மா.

"வேணாம் உம்மா."

"தவழட்டும். இறக்கு."

"ஏலாது உம்மா." அம்ரா பஸ்னாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "ஊசி ஒண்டு தரையில கிடக்கு. நான் துலைச்சிட்டன். பந்தில இருக்கிற சிவப்பு நூல் ஊசி பொய். அது வேற பழைய ஊசி. நீங்க ஏசுவீங்க எண்டு குத்தி வெச்சன்."

சொல்லி முடித்ததும் அவளும் அழுதுவிட்டாள். இப்போது பஸ்னாவும் அம்ராவும் சேர்ந்து அழுதார்கள்.

உம்மாவின் முகம் சிவந்தது. ஆனால் ஏசுவதற்கு அவருக்கு நேரம் இல்லை. "லைலா, புள்ளயத் தூக்கிக்கொண்டு கட்டில்ல ஏறு. ஒருத்தரும் கீழ காலை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு தானே தரையில் குனிந்தார். சாச்சி கட்டிலில் ஏறி, அழுகிற பஸ்னாவைச் சமாளிக்க எதையாவது தேடினார்.

அம்ராவும் தேட ஆரம்பித்தாள். கதிரைக்கு அடியில் பார்த்தபோது இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. அஸ்ஹான் இன்னும் அங்கேயேதான் நின்றான். இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தான். பெருவிரலை உள்ளே வைத்து விரல்களை மூடியிருந்தான்.

அம்ரா அந்த மூடிய கையைப் பார்த்தாள். ஊசியைக் கொடுக்கும்போது தான் சொன்னது காதில் விழுந்தது. கையில குத்தினியோ, அதோட உனக்குத் தையல் முடிஞ்சு.

அவள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அஸ்ஹான், நானும் பயந்துதான் பொய் ஊசி வெச்சன். உம்மா இன்னும் என்னை ஒண்டும் செய்யல்ல. பாரு, முழுசாத்தான் இருக்கன்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். உண்மையிலேயே முழுசாகத்தான் இருந்தாள்.

"உன்ட கையைக் காட்டு. தையல் முடியல்ல. நான் சும்மா சொன்னன்."

மெதுவாகக் கை திறந்தது. பெருவிரலில் காய்ந்த ரத்தம் ஒரு பொட்டாக இருந்தது.

"குத்திட்டு ராத்தா" என்று அவன் விம்மினான். "ரத்தம் ஆட்டிலயும் பட்டுட்டு. நீங்க பார்ப்பீங்க எண்டு ஊசியை ஆட்டுட வயித்துக்க ஒளிச்சன். பஞ்சுக்குள்ள."

அந்த வயிற்றைத்தான் அம்ரா தன் கையாலேயே தைத்து மூடியிருந்தாள்.

"ஆடு எங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் திரும்பினாள்.

பஸ்னா அழுகையை நிறுத்தியிருந்தாள். கட்டிலில் சாச்சியின் மடியில் அமர்ந்து, புள்ளி ஆட்டை இரண்டு கையாலும் பிடித்து, அதன் தலையைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஆட்டின் வயிற்றில் இருந்த புள்ளிகளில் ஒன்று மட்டும் கோணலாக, கருஞ்சிவப்பாக இருந்தது.

"சாச்சி, ஆட்டுக்குள்ள ஊசி."

சாச்சியின் கை ஆட்டைப் பிடுங்கப் பாய்ந்தது.

"இழுக்காதீங்க" என்றாள் அம்ரா. "இழுத்தா அவ இன்னும் இறுக்கிப் பிடிப்பா. ஊசி வெளிய வந்திரும்."

சாச்சியின் கை அந்தரத்தில் நின்றது. உம்மா தரையிலிருந்து தலையை நிமிர்த்தினார். யாரும் அசையவில்லை. பஸ்னா தலையை விட்டுவிட்டு, ஆட்டைத் திருப்பி அதன் வயிற்றைப் பார்த்தாள். கடிப்பதற்கு அதுதான் வசதியான இடம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அம்ரா உம்மாவின் பொத்தான் டின்னை எட்டி எடுத்தாள். அதைப் பஸ்னாவின் காதருகில் ஆட்டினாள். கிலுக், கிலுக், கிலுக்.

பஸ்னா வாயைத் திறந்தபடியே திரும்பினாள். டின் மினுங்கியது. சத்தமும் போட்டது. ஆட்டுக்கு அந்த இரண்டும் தெரியாது. அவள் இரண்டு கையையும் டின்னுக்கு நீட்டினாள். ஆடு தானாக மடியில் விழுந்தது. சாச்சி அதை இரண்டு விரலால் காதில் பிடித்துத் தூக்கி உம்மாவிடம் நீட்டினார்.

உம்மா பச்சைத் தையலை வெட்டினார். பஞ்சை மெல்ல விலக்கினார். முதலில் சிவப்பு நூல் வந்தது. அதன் பின்னால் ஊசி வந்தது.

உம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் அப்படியே உட்கார்ந்தார். பிறகு அம்ராவின் காதைப் பிடித்தார். திருகப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். உம்மா அந்தக் காதோடு சேர்த்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மற்றப் பக்கம் அஸ்ஹானுக்கும் இடம் கிடைத்தது.

"மத்த ஊசி எது? காட்டு பார்ப்பம்" என்றார் பிறகு.

அம்ரா பந்திலிருந்து துருப்பிடித்த ஊசியை உருவிக் கொடுத்தாள். "உங்கட மெசினுக்கு அடியில கிடந்தது."

உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாச்சியும் எட்டிப் பார்த்தார்.

"ராத்தா, இது நீளக் கண் ஊசி. சின்ன வயசில, நாம ரெண்டு பேரும் இந்த வீட்டில இருக்கக்குள்ள, நான் துலைச்சிட்டன் எண்டு ஒரு கிழமையா ஏசினீங்களே, அது."

"இருக்காது" என்றார் உம்மா.

"மெசினடியில தைச்சது ஆரு? நானா, நீங்களா?"

உம்மா டோர்ச்சை அணைத்தார். "தேத்தண்ணி ஊத்தப் போறன்" என்று குசினிக்குப் போனார். சாச்சி சிரித்த சிரிப்பில் பஸ்னா டின்னைக் கீழே போட்டாள். பொத்தான்கள் வீடெல்லாம் ஓடின. அன்று மாலை முழுவதும் அவற்றைப் பொறுக்குவதே எல்லோருக்கும் வேலையாகிவிட்டது.

பெருநாள் அன்று பின்னேரம் பஸ்னா தரையெல்லாம் தவழ்ந்தாள். இரண்டு ஆட்டையும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொத்தான்களோடு நன்றாக மூடி ஒட்டிய டின்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அம்ராவும் அஸ்ஹானும் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, புள்ளி ஆட்டுக்கு ஒரு வால் தைத்தார்கள். அஸ்ஹான் நாக்கை நீட்டிக்கொண்டு ஊசியைக் குத்தினான். திடீரென்று அவன் முகம் சுருங்கியது.

"ராத்தா, குத்திட்டு."

அவன் ஒரு கையின் குத்துப்பட்ட விரலை நீட்டினான். மற்றக் கையில் சிவப்பு நூல் தொங்க ஊசியையும் நீட்டினான்.