கேமராவில் வராதது

பீளமேட்டு சிக்னலில், தூறலில் நின்றுகொண்டிருந்த கெசியாவின் ஸ்கூட்டரைப் பின்னாலிருந்து ஒரு கார் இடித்தது. பெரிய இடி இல்லை. பின்விளக்கு மட்டும் நொறுங்கியது. ஆனால், "உன்ற தப்புல வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும் சாவியைக் குடுத்துப்போட்டு பஸ்ஸுல போய்க்கோணும் கண்ணு" என்று சொல்லித்தான் அப்பா ஏசுவடியான் வண்டியே வாங்கிக் கொடுத்திருந்தார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் அல்ல அவர்.

காரிலிருந்து இறங்கியவனுக்கு நல்ல கண்கள்... அந்தக் கோபத்திலும் அதைக் கவனித்துவிட்டதில் அவளுக்குத் தன் மீதே எரிச்சல் வந்தது.

"ஏனுங்க, நீங்கதான் வண்டியைப் பின்னால உருட்டிப்போட்டீங்க" என்றான்.

"நானா? நின்ன எடத்துலயே நின்னுட்டிருந்தேனுங்க."

"கார் முன்னால கேமரா இருக்குதுங்க. பாத்துக்கலாம்."

"பாருங்க. எங்கப்பாவுக்கும் அதைத்தான் காட்டோணும்."

ஓரங்கட்டி, கேமராவின் சின்னத் திரையில் தேடினார்கள். கடைசியாகப் பதிவாகியிருந்தது, பொங்கல் சமயத்தில் அவன் தோட்டத்துக்குள் புகுந்த ஒரு யானையின் பின்புறம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"இதுல போட்டிருக்கற மெமரி கார்டு எங்க வாங்குனீங்க?"

"பழைய போனுல சும்மா கெடந்ததுங்க."

கெசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கப்பா டாக்ஸியிலயும் இதே கூத்துதானுங்க. கேமரா நாள் முழுக்க அழிச்சு அழிச்சு எழுதும். போன் கார்டு தாங்காது. ஹை எண்டியூரன்ஸ்னு போட்டு கேமராவுக்குன்னே வருது, அதை வாங்குங்க."

அவன் பெயர் சபரீஷ். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு. விளக்கை மாற்றித் தருவதாக நம்பரும் வீட்டு விலாசமும் வாங்கிக்கொண்டான். தப்பு தன்னுடையது என்று மட்டும் சொல்லவில்லை. அன்று மாலையே ஸ்கூட்டர் சாவி அப்பாவின் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

மறுநாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது.

"அறுபத்திநாலு ஜிபி போதுமுங்களா, நூத்தியிருபத்தெட்டா?"

"உங்க கேமரா எதுவரைக்கும் எடுக்கும்னு பொட்டியிலயே போட்டிருக்குமுங்க."

"பாதி வெலைக்கு ஒண்ணு வருதுங்களே..."

"போலியா இருக்கும். பில்லோட வாங்குங்க. போட்டதும் கேமராவுலயே ஒருக்கா ஃபார்மேட் பண்ணிக்குங்க."

பஸ் கம்பியில் தொங்கியபடியேதான் பதில் சொன்னாள். அந்தக் குரலுக்காகக் காத்திருக்கிறோம் என்று புரிந்த அன்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

"கார்டைப் பத்தி இனிக் கேக்காதீங்க. உங்க வாயில ஒரு நெஜம் வந்திருந்தா நான் இப்படித் தொங்க வேண்டியதில்லீங்க" என்று சொல்லிவிட்டாள்.

போன் நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால், வீட்டு வாசலில் அதே கார். அப்பாவின் முன்னால் சபரீஷ் கைகட்டி நின்றிருந்தான்.

"தப்பு என்னுதுதானுங்க ஐயா. அம்மணி நின்ன எடத்துலதான் நின்னாங்க. நான்தான் பிரேக்குல இருந்து காலை எடுத்துப்போட்டேன்."

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பையிலிருந்த சாவியை மகள் கையில் வைத்துவிட்டு, காபி சொல்ல உள்ளே போனார்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்னங்க?" என்றாள் கெசியா.

"ஏன் காலை எடுத்தேன்னு கேப்பீங்களே..."

"ஏன் எடுத்தீங்க?"

அவன் காரில் ஒட்டியிருந்த கேமராவைப் பார்த்தான்.

"அது ரோட்டைத்தான் பாக்குமுங்க. எந்தக் கார்டு போட்டிருந்தாலும் நான் எங்க பாத்தேன்னு அதுல வராது. உங்க வண்டிக் கண்ணாடியில உங்க மொகம் தெரிஞ்சுதுங்க... கண்ணுல விழுந்த மழையைத் தொடச்சுட்டிருந்தீங்க. அப்பவே எனக்கு உங்களைப் புடிச்சுப்போச்சு."

கெசியா சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

"போன் நின்னதுல இருந்து பஸ்ஸுல போனையேதான் பாத்துட்டிருந்தேன். எனக்கும் உங்களைப் புடிச்சிருக்குதுங்க" என்றாள். "ஆனா, சிக்னல்ல நீங்க ரோட்டைப் பாருங்க."