ஆறு வழிவிட்ட அந்தி

மேற்கே செவ்வானம் முழுதும் கருகாமலும், கிழக்கே ஐப்பசிப் பௌர்ணமி நிலவு மூங்கில் காட்டைத் தாண்டி எழாமலும் இருந்த அந்த இரண்டுங்கெட்டான் பொழுதில், கருநெல்லியாறு ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குறுக்கே நாற்பத்து நான்கு ஓடங்களைப் பக்கம் பக்கமாகப் பிணைத்து, மேலே பலகை பரப்பி, பாலம் அமைத்திருந்தார்கள். நாளை விடியலில் முனையூர்ச் சிற்றரசர் நந்திவேளாரின் படை அதன் வழியே கடந்து சென்று, அக்கரைக் கோட்டையில் கானப்பாடியாரின் முற்றுகைக்குள் பசித்துக் கிடக்கும் தம்மவரை மீட்க வேண்டும்.

அன்பார்ந்த வாசகர்களே, முப்பது நாள் வேலை முடிந்த அந்தியில் பாலம் கட்டிய தலைவன் எப்படி இருக்க வேண்டும்? வாய் நிறைய வெற்றிலையும் மனம் நிறைய கர்வமுமாக அல்லவா இருக்க வேண்டும்! நம் கண்டன் பூதிக்கோ உள்ளங்கை வியர்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் ஒரு மூங்கில் கழி.

அந்த ஆற்று ஓடக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாலம் முடிந்த நாளில், மஞ்சள் துணி சுற்றிய கழியைத் தண்ணீர் விளிம்பில் நடுவார்கள். கழியை விட்டு ஆறு விலகிப் போனால் ஆற்றுத்தாய் வழிவிட்டாள் என்று பொருள். உடனே அரச குலப் பெண் ஒருத்தி அகல் விளக்கேந்தி, திரும்பிப் பாராமல் முதலில் கடக்க வேண்டும். நடுப்பகலில் நட்ட அந்தக் கழி இப்போது தண்ணீருக்குப் பதினைந்து முழம் இப்பால் வெறும் மணலில் நின்றது.

"ஆத்தா வழி விட்டுட்டா, சாமி! இப்படி ஒரு விலகலை எங்க பாட்டன் காலத்துலயும் பாத்ததில்லே!" என்று கூவினான் ஓடக்காரர் தலைவன் சடையன். பறைகள் முழங்கின.

பூதி நந்திவேளாரிடம் ஓடினான். "பிரபு! மூன்று நாளாக மேற்கு மலையில் மழை கொட்டுகிறது. ஆறு ஏறியிருக்க வேண்டும், இறங்குகிறது. எனக்கு இது விளங்கவில்லை."

"பூதி, கயிறு அறுந்தபோது ஏன் என்று கேட்டீர், சரி. ஓடம் ஓட்டையானபோது கேட்டீர், அதுவும் சரி. நல்லது நடக்கும்போதுமா விசாரணை? கும்பிட்டுவிட்டு வழியை விடும்!"

கெட்டது நடந்தால் காரணம் தேடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நல்லது நடக்கும்போது காரணம் கேட்பவனைக் கோழை என்பார்கள்.

அப்போது வேளாரின் தங்கை தென்னவை, கையில் அகலுடன் வந்தாள். வேலையைப் பார்க்கும் சாக்கில் முப்பது நாளும் ஆற்றங்கரைக்கு வந்தவள் அவள். எந்த வேலையைப் பார்த்தாள் என்பது பூதிக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

"முகம் ஏன் வெளுத்திருக்கிறது? உம் பலகைகளில் நம்பிக்கை இல்லையா?"

"பலகைகளில் இருக்கிறது, தேவி. தண்ணீரில்தான் இல்லை."

"காரணம்?"

"இன்னும் தெரியவில்லை."

"தெரிந்ததும் கூப்பிடும். திரும்பிப் பார்ப்பது வழக்கமல்ல, ஆனாலும் நீர் கூப்பிட்டால் பார்ப்பேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவள் பாலத்தில் அடி வைத்தாள்.

விளக்கு நகர்ந்தது. ஐந்தாவது ஓடம், பத்தாவது ஓடம்... பூதி வெறி பிடித்தவன்போல் கரையெங்கும் கண்களை ஓட்டினான். நிலவு எழுந்தது. அதன் வெளிச்சத்தில், கரைமேட்டின் உச்சியில், மருத மரத்தோடு மூன்று சுற்றுக் கயிறு போட்டுக் கட்டியிருந்த ஓடம் ஒன்று தெரிந்தது. அது சடையனுடைய சொந்த ஓடம்.

பூதி சடையனிடம் பாய்ந்தான்.

"சடையா! ஆறு வற்றுகிறது என்றால் ஓடத்தைக் கீழே அல்லவா இறக்க வேண்டும்? நீ ஏன் மேட்டில் ஏற்றினாய்?"

சடையனின் சிரிப்பு சட்டென்று நின்றது. அவன் ஓடத் திரும்பினான். பூதி பற்றிய மேலாடை கிழிந்து கையோடு வந்தது. சடையன் தோளில் காட்டுப்பன்றி வடிவில் சூட்டுத் தழும்பு! கானப்பாடியார் தம் ஒற்றர்களுக்கு இடும் முத்திரை அது.

"மேலே அணை போட்டு அடைச்சாச்சுய்யா! நிலா ஏறினதும் உடைப்பாங்க! போய் உன் பாலத்தைக் கட்டிப் பிடிச்சுக்கோ!" என்று கத்தியபடி ஒற்றன் மூங்கில் காட்டுக்குள் பாய்ந்து மறைந்தான்.

பூதி அவனைத் துரத்தவில்லை. கோடரி ஒன்றைப் பறித்துக்கொண்டு பாலத்தில் ஓடினான். "தேவி! தென்னவை!"

ஆற்றின் நடுவே விளக்கு நின்றது, திரும்பியது. என்ன ஏது என்று கேட்காமல் அவள் அவனை நோக்கி ஓடிவந்தாள். தூரத்தில் இடி போன்ற ஓசை கேட்டது. வானத்தில் மேகமே இல்லை.

அவள் தன்னைக் கடந்ததும், இக்கரைப் பாதியையாவது காப்பாற்ற எண்ணிப் பூதி நடு ஓடத்தின் பிணைப்பில் கோடரியை இறக்கினான். தன் கையால் முறுக்கிய கயிற்றைத் தானே வெட்டுகையில் அவனுக்குக் கண்ணீர் வந்தது. நான்காவது வெட்டில் கயிறு அறுந்தது. பாதிப் பாலம் கதவு திறப்பதுபோல் சுழன்று, இருவரையும் சுமந்தபடி இக்கரையில் மோதியது. அவள் கையைப் பற்றி அவன் மேட்டில் ஏறவும், பனைமர உயரத்தில் வெள்ளம் திரண்டு வரவும் சரியாக இருந்தது. எதிர்ப் பாதியிலிருந்த இருபத்திரண்டு ஓடங்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமற் போயின. கரையில் மோதியவற்றில் கயிறு அறாமல் தப்பியவை சில.

நந்திவேளார் தங்கையிடம் ஓடிவந்தார். பிறகு, "நாளை விடியலில் என் படை முழுவதும் நடு ஆற்றில் இருந்திருக்குமே என்று நினைத்தேன், இல்லை, இன்றே என் தங்கை..." என்றார்.

தென்னவையின் கைக்குள் அகல் இன்னும் அணையாமல் எரிந்தது.

"மறுபடி கட்ட எத்தனை நாள் வேண்டும்?"

"பதினைந்து நாள், தேவி. கோட்டையில் அதுவரை தாங்க வேண்டும்."

"தாங்குவார்கள். ஆணையாகச் சொல்கிறேன்: இந்த விளக்கு அக்கரையில்தான் அணையும். அங்கே இருப்பவர்கள் இந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பொறுத்திருக்கட்டும். அதுவரை இதற்கு எண்ணெய் வார்க்க வேண்டியவர் நீர்."

பூதி அகலை வாங்கினான். அவன் உள்ளங்கை இன்னமும் வியர்த்துத்தான் இருந்தது.