இலந்தையிலைத் தண்ணீர்

தேத்தண்ணிக்குச் சீனி கலக்கும்போதுதான் சுஹறாவுக்கு அந்த வாசம் பட்டது. தன் விரல்களிலிருந்தே வந்தது. அவித்த இலந்தையிலை, கற்பூரம். மையித்தை, செத்த உடலைக் குளிப்பாட்டும் தண்ணீரின் வாசம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. இதென்ன கரைச்சல் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பயம் பிறகு வந்தது.

சண்டை முடிந்ததென்று கல்முனைக் கடைத்தெருவில் வெடி கொளுத்திய கிழமை அது. உளவள ஆலோசகர் ஸம்ஸியாவிடம் போய்ச் சொன்னாள்.

"கனவுல ஆரையோ குளிப்பாட்டுறன் மிஸ். முகம் தெரியுதில்ல."

"மூத்த மகளா இரிக்குமா?"

சுஹறா தலையாட்டினாள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று மூத்தவள் சிபானாவை மையவாடியில் பலரோடு ஒரே குழியில் அடக்கினார்கள். குளிப்பாட்ட நேரமில்லை, நல்ல தண்ணீருமில்லை. அவசரத்துக்குக் குற்றமில்லை என்று மௌலவி சொன்னார். ஆனாலும் தலைமுடியில் சேறோடு போன பிள்ளை. அன்று இடுப்பிலிருந்த இளையவள் றிஸ்னா மட்டும்தான் மிஞ்சினாள். அவளுக்கும் ஒன்றென்றால் சுஹறா உயிரோடு இருக்கமாட்டாள்.

"செய்யாம விட்ட கடமைய ஒங்கட உள்மனசு செஞ்சி முடிக்கப் பாக்குது," என்றார் ஸம்ஸியா. "இடையில முழிச்சிராதீங்க. முகத்தப் பாருங்க. பாரம் இறங்கும்."

"பயமாரிக்கி மிஸ்."

"ஓம், பயமாத்தான் இரிக்கும். அது கனவுதானே."

அன்றும் கனவு வந்தது. கிணற்றுக் கப்பி கிறீச்சிட, வாளி தளும்ப, இலந்தையிலை மணக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீரை முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் என்று ஊற்றி, சின்ன முதுகை உள்ளங்கையால் தேய்த்து, நனைந்த முடியை மையித்துக்குப் போடுவதுபோல மூன்று பின்னலாகப் பின்னினாள். முழிக்கவில்லை. மிஸ் சொன்னபடி முகத்துணியைப் பிடித்தாள். தூக்கினாள்.

விடிகாலைத் தொழுகைக்கான சுபஹு பாங்கு கேட்டது.

கட்டிலில்தான் இருந்தாள். பக்கத்தில் றிஸ்னா. மூச்சு வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று பிள்ளையின் தலையைத் தடவினாள்.

ஈரம்.

மூன்று பின்னல்.

படுக்கும்போது ஒற்றைப் பின்னல்தான் போட்டுவிட்டிருந்தாள். போர்வையை விலக்கினாள். கால் பெருவிரல்கள் இரண்டும் வெள்ளைச் சீலைத்துண்டால் சேர்த்துக் கட்டியிருந்தன. மையித்தைக் கிடத்துவதுபோல முகம் மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம்.

"றிஸ்னா. எழும்பு மகள்."

பிள்ளை கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பஞ்சு வெக்க மறந்திட்டீங்களாம் உம்மா. சிபானா ராத்தா சொல்றா."

சுஹறா தன் வலது கையைப் பார்த்தாள். பொத்திய விரல்களுக்குள் பஞ்சு இருந்தது. எறியப் பார்த்தாள். விரல் விரியவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தாள்.

வலது கை அவளைக் கேட்காமலே, பஞ்சோடு மெல்ல, றிஸ்னாவின் மூக்குக்குப் போனது.