இழையாள் அனுப்பிய ஜமக்காளம்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வந்தால் பொள்ளாச்சியில் பாதிப் பெண்களுக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. அன்றைக்குத்தான் 'இழையாள்' பெட்டி வரும். கழுகு அளவு வானூர்தி ஒன்று பால்கனிக் கம்பியில் பெட்டியை மாட்டிவிட்டு, போன மாதம் உடுத்திய துணிகளை வாங்கிக்கொண்டு போகும். அந்தத் துணிகளைத் தறிக்கூடத்தில் நூல் நூலாகப் பிரித்து, மறுநெசவு செய்து, அடுத்த மாதம் வேறு உருவத்தில் அனுப்பிவைப்பார்கள்.

தன்விகா பெட்டியைத் திறக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பிறந்த காலத்தில் எந்த நர்சரிப் பள்ளியில் கூப்பிட்டாலும் அந்தப் பெயருக்கு நாலு குழந்தைகள் திரும்பிப் பார்க்கும். இப்போது அது அத்தைமார்களின் பெயராகிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அவள் இழையாளைத் தவிர வேறு துணி தொட்டதில்லை. அவ்வளவு பிரியம் வைத்திருந்தவளைத்தான் அந்த நிறுவனம் நாலு மாதமாக நோகடித்துக்கொண்டிருந்தது.

"பிரி, அம்மிணி. உள்ள பாம்பா இருக்கு?" என்றான் அவள் கணவன் ரித்தீஷ்.

பிரித்தாள். பாம்பே தேவலாம் போலிருந்தது. உள்ளே மஞ்சளும் கறுப்பும் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை பட்டையாக ஓடும் குர்தி, ஒன்றுபோல் நாலு. துணி பவானி ஜமக்காளத்தை வெட்டித் தைத்ததுபோல் வரிவரியாக மேடு தட்டிக் கிடந்தது. தையலெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. கைப்பொத்தான் ஒவ்வொன்றும் சுண்டைக்காய் பருமன். லேசாக அசைத்தாலே சரசரவென்று சத்தம் வேறு. முன்பெல்லாம் இழையாள் துணி எப்படி இருக்கும்! வெண்ணெய் மாதிரி மல் துணி, அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூ, உள்ளே மெல்லிய லைனிங். தொட்டால் தொட்டதே தெரியாது.

ரித்தீஷ் கையை நீட்டிக் குர்தியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்குது. முன்னாடி வந்ததெல்லாம் காத்து மாதிரி. இதுலதான் ஆள் இருக்கறதே தெரியுது."

நக்கலுக்கு இது ஒன்றுதான் குறைச்சல் என்று நினைத்தபடி அவள் அதையே போட்டுக்கொண்டு கிளம்பினாள். வெளியில் போட்டுக்கொண்டு போக வேறொன்றும் இல்லை. பழையவை எல்லாம் வானூர்தியில் போய்விட்டன.

நீர்ப்பங்கீட்டு அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி யஷ்மிதாவுடையது. யஷ்மிதாவின் இழையாள் இந்த மாதம் மயில் கழுத்து நிறத்தில் வழவழவென்று வந்திருந்தது.

"ரோட்டுல எங்காவது குழி தோண்டறாங்களா, தன்வி? தடுப்பு தானா நடந்து வருதே."

தன்விகா சிரித்து வைத்தாள். அவளுக்கு மட்டுமல்ல, அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இழையாள் துணியின் ஒவ்வொரு நூலிலும் நோக்குணரி உண்டு. உடுத்தியிருப்பவளை யார் எத்தனை நேரம் பார்க்கிறார்கள், பார்க்கும்போது அவர்கள் கண்ணின் கருமணி எவ்வளவு விரிகிறது என்பதை அது வாங்கி வைத்துக்கொள்ளும். எந்தக் கண் அவளை அதிகம் பார்க்கிறதோ அந்தக் கண்ணுக்குப் பிடித்த மாதிரிதான் அடுத்த மாதத் துணி நெய்யப்படும். 'உங்களைக் காண்பவரின் மகிழ்ச்சியே எங்கள் பாவும் ஊடும்' என்பது அவர்கள் விளம்பரம். மகள் பெங்களூரில் படிக்கப் போனபின் தன்விகாவை அதிகம் பார்க்க வீட்டில் இருந்தது ஒரு ஜோடிக் கண்தான்.

புருஷன் பார்ப்பதை நிறுத்திவிட்டால் துணி மெலிந்து, வெளுத்துப் போகும். அப்படி வெளுத்த துணியால் ஊரில் இரண்டு மூன்று குடும்பங்கள் கோர்ட்டு வரைக்கும் போயின.

"உனக்கு வெளுக்கல. மாறியிருக்கு, அதைக் கவனி" என்றாள் யஷ்மிதா, குரலைத் தாழ்த்தி. "அவரு கண்ணுக்கு இப்ப வேற மாதிரி ஆளு புடிக்குது போல. இப்படி அடிக்கற கலர்ல யாராச்சும் அங்க மலையில இருக்காங்களோ என்னமோ. சொல்லிட்டேன், பாத்துக்க."

ரித்தீஷ் வால்பாறைப் பேருந்து ஓட்டுநர். சமவெளியில் எல்லாப் பேருந்தும் தானாகவே ஓடின. ஆழியாறு தாண்டினால் மட்டும் பனிமூட்டத்திலும் குரங்குக் கூட்டத்திலும் இயந்திரம் திணறியது. அதனால் மலைப்பாதைக்கு மனிதக் கை வேண்டும் என்று சட்டம். அந்தக் கைகளில் பழுத்த கை ரித்தீஷுடையது.

அந்த வாரம் தன்விகா செய்த காரியத்தை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. அலுவலகம் விட்டதும் பேருந்து நிலையத்தில் தூண் மறைவில் நின்று, வால்பாறைப் பேருந்திலிருந்து இறங்கும் பெண்களையெல்லாம் எடைபோட்டாள். மஞ்சள் உடுத்தி ஒரே ஒரு பெண்தான் இறங்கினாள். அவளுக்கு எழுபது வயதிருக்கும், இடுப்பில் பலாப்பழம். தன்விகாவுக்கு ஆறுதல் வரவில்லை. இன்றைக்கு வராதவள் நாளைக்கு வரலாமே என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை கோயம்புத்தூருக்குப் போய், கிராஸ்கட் ரோட்டு இழையாள் கூடத்தில் ஒரு குர்தியை மேசைமேல் போட்டாள். எதிரே இருந்த நெசவு ஆலோசகருக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். சட்டையில் 'அருக்காணி' என்று எழுதியிருந்தது. இந்தக் காலத்து இளசுகளுக்குப் பழைய பெயர்கள்தான் நாகரிகம்.

"உங்க தறி கெட்டுப் போச்சுங்க. எனக்குப் பழைய தரமே வேணும்."

அருக்காணி துணியைத் தடவினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி துணியைத் தடவினாள்.

"தறி கெடலைங்க்கா. மெல்லிசா நெய்யறது எங்களுக்குச் சுளுவு. இந்த மேடு, இந்தச் சத்தம், இதைக் கொண்டுவர்றதுதான் கஷ்டம். கவனமாத்தான் நெய்ஞ்சிருக்காங்க."

"யார் கேட்டாங்க இந்தச் சத்தத்தை? இது எந்தக் கண்ணுக்குப் புடிக்குதாம்?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லீங்க்கா."

"என் வீட்டுக்காரர்தானே? அவர் வேற யாரையோ பாக்கறாருன்னு எங்க ஆபீசே பேசுது. நீயாச்சும் உண்மையைச் சொல்லும்மா." குரல் உடைந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

அருக்காணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பேர் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க நினைக்கற மாதிரி இல்லைங்க்கா. ஆசை விட்ட கண்ணுன்னா துணி மெலியும். இது உங்களைத் தேடற கண்ணு. முன்னாடி சட்டுனு உங்க மேல வந்து உக்காந்துரும். இப்பத் தேடித் தேடி வருது. வந்துட்டா எடுக்க மாட்டேங்குது. கையும் அடிக்கடி வருது. கை படறதையும் நூலு வாங்கிக்குமுங்க."

"தேடறதா? நான் வீட்லயேதானே இருக்கேன்?"

"இதே மாதிரித் துணி இன்னும் சிலருக்குப் போகுதுங்க்கா. அவங்க யாரும் இங்க வந்து குறை சொன்னதில்லை. அவங்களுக்குக் காரணம் தெரியும்." குர்தியை மடித்து அவள் கையில் கொடுத்தாள். "வீட்ல கேளுங்க."

திரும்பி வரும் பேருந்தில் தன்விகாவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. காப்பியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டு, 'போச்சாது விடு' என்று அவன் சிரித்து மழுப்பியது. மாலை வண்டியை வேண்டாமென்று சொல்லிப் பகல் வண்டிக்கு மாற்றிக்கொண்டது. கேட்டதற்கு முழங்கால் வலி என்றது. நடக்கும்போது ஒரு கை சுவரோடு வருவது. கிணத்துக்கடவு தாண்டும்போது அவள் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இழையாள் விதிப்படி எந்தத் துணியையும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒன்றை ஒளித்து வைக்காத பெண் ஊரில் கிடையாது. தன்விகாவிடமும் ஒன்று இருந்தது. சின்னச் சின்னப் பூப்போட்ட இளம் ஊதா. அதைப் போட்டிருந்த மாதம் முழுக்க ரித்தீஷ் அவளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அதை எடுத்து உடுத்திக்கொண்டு, கூடத்தில் வெளிர்நிறச் சுவரோரம் போய் நின்றாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது.

ரித்தீஷ் வந்தான். பையை வைத்தான். "அம்மிணி?" என்றான்.

அவன் முகம் அவளுக்கு நேராக வந்தது. கண் அவள் மேல் படிந்தது, படிந்தபடியே நகர்ந்து, கடந்து, குளிர்பெட்டிப் பக்கம் போனது. சமையலறையை நோக்கி இன்னொரு முறை கூப்பிட்டான். பதில் வராததால் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தான்.

அவள் ஓசைப்படாமல் உள்ளே போய் ஜமக்காளத்தை மாட்டிக்கொண்டு வந்தாள். சரசரப்புக் கேட்டதும் அவன் முகம் திரும்பியது. மஞ்சள் பட்டையைக் கண் பிடித்துக்கொண்டது. "எங்க போயிட்ட நீ?" என்று சிரித்தான். கல்யாணத்தன்று மணவறையில் பார்த்த அதே முகம். ஐயோ, இந்த மனுஷனையா தூண் மறைவில் நின்று வேவு பார்த்தோம் என்றிருந்தது அவளுக்கு.

"நாளைக்கு வண்டி எடுக்காதீங்க" என்றாள்.

அவன் சிரிப்பு மெல்ல இறங்கியது. "துணி சொல்லிருச்சாக்கும்."

"நீங்க சொல்லியிருக்கோணும்."

"சொன்னா வண்டிய வாங்கிருவாங்க. நாப்பது வளைவும் எனக்கு மனப்பாடம், அம்மிணி."

"வளைவு மனப்பாடம், சரி. வளைவுல வந்து நிக்கற ஆனையும் மனப்பாடமா? உங்களை நம்பிப் பின்னாடி தூங்கிட்டு வருதே சனம், அதுங்களுக்கு யார் பதில் சொல்றது?"

அவன் விரல் அவள் கைப்பொத்தானைத் தேடிப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தது. பிறகு சட்டையிலிருந்த ஓட்டுநர் அடையாள வில்லையைக் கழற்றி நீட்டினான். அவள் கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினான். அவள் தன் கையை அங்கே கொண்டுபோய் வாங்கிக்கொண்டாள்.

"பயமா இருக்கு" என்றான்.

"எனக்கும்தாங்க."

மருத்துவமனையில், பார்வை மங்கும் வேகத்தைக் குறைக்கப் பார்க்கலாம், போன பார்வையைக் கொண்டுவர முடியாது என்றார்கள். அடுத்த இரண்டு பெட்டிகளும் பட்டை பட்டையாகவே வந்தன. மூன்றாவது பெட்டி வந்த காலை ரித்தீஷ் தூங்கிக்கொண்டிருந்தான். தன்விகா தனியாகப் பிரித்தாள். குர்தியில் நிறமே இல்லை. சாயம் காணாத வெள்ளை நூல். சட்டென்று பார்த்தால் வெறும் துணி. தடவினால் உடம்பெங்கும் சின்னச் சின்னதாக மேடு தட்டிய பூ. அந்தப் பழைய ஊதாவில் இருந்த அதே பூ. தன் கண்ணுக்கு நிறம் போய்விட்டது என்று அவன் அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

அலுவலகத்தில் யஷ்மிதா வெள்ளைத் துணியைக் கண்டதும் எழுந்து வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "விட்டுத் தள்ளு, தன்வி. ஆம்பளைங்களே இப்படித்தான்" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தன்விகா தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்திருந்த ரித்தீஷ் அவள் குர்தியின் ஓரத்தைத் தேடுவதுபோல் கையை நீட்டினான். அவள் கிட்டே போனாள். விரல் ஒரு பூவில் தட்டி நின்றது, பக்கத்துப் பூவுக்குப் போனது.

"இந்த மாசம் என்ன கலர் வந்திருக்கு, அம்மிணி?"

பன்னிரண்டு வருஷத்தில் அவன் கேட்காத கேள்வி.

"ஊதாங்க" என்றாள்.

"அந்த ஊதாவா?"

"அதேதாங்க" என்று சொல்லிவிட்டு, அவன் கைக்கு எட்டும்படி இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றாள்.