தரை மூச்சு விடும் நேரம்

பள்ளமாக இருக்க வேண்டிய கை மேடாக இருந்தது.

ஜோலீன் அதை முதலில் கண்ணால் பார்க்கவில்லை, விரலால்தான் கண்டுபிடித்தாள். வீட்டுக்கு அடியிலிருந்த பேஸ்மெண்ட் அறையில் அண்ணன் டேரலின் தரை தேய்க்கும் எந்திரம் காலையிலிருந்து போட்ட சத்தத்தில் காது அடைத்துப் போயிருந்தது. மூக்கெல்லாம் சிமெண்ட் மாவு. தொண்ணூறு வருஷத்துப் பெயிண்ட், சாம்பல் மேல் சிவப்பு, சிவப்பு மேல் மறுபடி சாம்பல் என்று ஏழு பூச்சும் உரிந்து பொடியாகிப் பறந்து, கண்ணாடிக் கல் பதித்த சின்ன ஜன்னல் வழியாக வந்த நவம்பர் வெளிச்சத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எந்திரம் ஓய்ந்த நேரம் பார்த்து அவள் முழங்காலிட்டு ஈரத்துணியால் துடைத்தாள். தண்ணீர் போகும் ஓட்டைக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு சின்ன உள்ளங்கை அவள் உள்ளங்கையில் தட்டுப்பட்டது.

கை அச்சு அந்த ஊரில் அதிசயமில்லை. சிமெண்ட் ஊற்றிய அன்றைக்கு வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கிவந்து, ஈரத்தில் கையை அழுத்தி, பக்கத்தில் ஆணியால் வருஷத்தைக் கீறி வைப்பது ஆற்றோரத்து இரும்பாலைக் குடும்பங்களின் வழக்கம். இவர்கள் வளர்ந்த வீட்டு வாசலிலும் இரண்டு பேருடைய கையும் இருக்கின்றன. அழுத்தும்போது திமிறியதால் டேரலுக்கு அங்கே ஆறு விரல். ஆனால் அவையெல்லாம் பள்ளம். இது ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு, அடியிலிருந்து யாரோ அழுத்தியது போலப் புடைத்திருந்தது. பக்கத்தில் வருஷமும் இல்லை.

"அண்ணே, இங்க வந்து பாரேன்."

டேரல் தூசி முகமூடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் குனிந்தான். இருபத்திரண்டு வருஷமாகப் பிட்ஸ்பர்க் முழுக்கத் தரை பூசுகிறவன். சற்று நேரம் தடவிப் பார்த்தான். "என்னடி இது, உள்ள இருந்து கதவத் தட்டற மாதிரி இருக்கு?"

"விளையாடாத. இது எப்படி மேல வரும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் தரை பூசறவன், துப்பறியறவனா? சிமெண்ட்ட மோசமாக் கலந்திருப்பான், அங்கங்க வீங்கியிருக்கும். தேச்சுட்டாப் போச்சு."

"எம்மெட் கை அளவுதான் இருக்கு."

"அப்ப கை குடுத்து வழியனுப்பிடு."

எந்திரம் மறுபடி அலறியது. அந்தக் கையின் மேல் போனபோது மட்டும் ஒரு நொடி அதன் சத்தம் மங்கியது, மெத்தை மேல் ஓடியது போல. பிறகு தரை வெறும் தரையாக இருந்தது. டேரலும் அதைக் கவனித்தான் என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குப் பிறகு அவன் கிண்டல் எதுவும் பேசவில்லை.

எம்மெட் அவளுடைய மகன், ஏழு வயது. விவாகரத்துக்குப் பிறகு எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், பர்கர் கடை மேசையில், அவன் அப்பா அடுத்த மேசையில் உட்கார்ந்திருக்க, அவள் தன் பிள்ளையைப் பார்க்கிறாள். பிள்ளைக்கென்று ஒரு தனி அறை, காய்ந்த சுத்தமான அறை இருந்தால் அவளோடு வந்து இருக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலே ஒரே ஒரு படுக்கையறைதான், அதனால் இந்தப் பேஸ்மெண்டைத்தான் அவனுக்கு அறையாக்க வேண்டும். மலைச்சரிவு வீடு என்பதால் பேஸ்மெண்டுக்குப் பின்பக்கம் தோட்டத்துக் கதவு உண்டு, சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று. ஆலையிலிருந்து வரும் ஆண்களுக்காக அந்தக் காலத்தில் நட்டநடுவில், மறைப்புக்கூட இல்லாமல் வைத்திருந்த கழிப்பறைப் பீங்கானையும் டேரல் பெயர்த்து எறிந்துவிட்டான். மிச்சம் தரைதான். வெள்ளிக்கிழமை நீதிமன்றத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். பூச்சு காய மூன்று நாள் வேண்டும். இன்று திங்கள்.

போகும்முன் டேரல் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக வெட்டி, கை இருந்த இடத்தின் மேலேயே விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினான். "நாளைக்குக் காலைல பாரு. தாளுக்கு அடில வேர்த்திருந்தா கீழ ஈரம் இருக்குன்னு அர்த்தம். அப்படின்னா பூசாத. நான் ஒஹையோ வேலைய முடிச்சுட்டு சனிக்கிழமை வந்து பாக்கறேன்."

"வேர்க்கலைன்னா?"

"ஹீட்டரப் போட்டுத் தரையச் சூடு பண்ணு. அப்புறம் அணைச்சுடு. மூணு மணிக்கு மேல, ஆற ஆரம்பிச்ச பிறகு பூசு. சூடேறும்போது சிமெண்ட் மூச்சு விடும்டி, ஆறும்போது உள்ள இழுக்கும். உள்ள இழுக்கறப்ப ஊத்துனாதான் பூச்சு மருந்தப் பிடிச்சுக்கும். வெளிய விடறப்ப ஊத்தித் தொலைச்சிராத. எங்க ஆளுங்க மூணு அடிக்காம வாளியத் திறக்கவே மாட்டாங்க."

செவ்வாய்க்கிழமை காலை காப்பிக் கோப்பையோடு படியிறங்கியவள் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். தாள் உப்பியிருந்தது. முழுவதும் வேர்த்திருந்தால்கூட மனசு ஒப்பியிருக்கும். வேர்க்கவில்லை. நடுவில், காசளவுக்கு ஓர் இடத்தில் மட்டும் வெள்ளையாகப் பனி படர்ந்தது, மெல்ல விலகியது, மறுபடி படர்ந்தது. கணப்பு அடுப்பின் குழாய்களில் காற்று ஓடுவதால் தாள் ஆடுகிறதோ என்று மேலே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வீடு அமைதியானது. பனி படர்ந்தது, விலகியது. அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அது நிற்கவில்லை.

டேப்பைப் பிய்த்தாள். மண் வாடை வரும், பூஞ்சை வாடை வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது தூங்கும் பிள்ளையின் தலை வாசம். வியர்வையும் பாலும், சூடேறிய தலையணையும் கலந்த அந்த வாசத்தை எட்டு மாதமாக அவள் முகர்ந்ததே இல்லை. முதலில் அழுகைதான் வந்தது, வெட்கமில்லாமல் முகத்தைத் தாழ்த்தி இன்னொரு முறை இழுத்துக்கூடப் பார்த்தாள். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. நேற்று தேய்த்து மட்டமாக்கிய இடத்தில் கை மறுபடி எழும்பியிருந்தது. இன்றைக்கு இரண்டு கைகள்.

டேரலைக் கூப்பிட்டாள். பின்னால் லாரி சத்தம் கேட்டது.

"தாள்ல ஒரு இடத்துல வேர்த்திருக்குண்ணே."

"அப்ப விடு. ஒரு பத்து நாள் காயட்டும்."

"வெள்ளிக்கிழமை வர்றாங்க."

"தேதிய மாத்திக் கேளு."

"ரெண்டு தடவை மாத்தியாச்சு. இன்னொரு தடவை கேட்டா அவன் வக்கீல் சும்மா இருப்பானா?"

"ஜோ, பதறாத காரியம் சிதறாது. சொன்னாக் கேளு."

கையைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பான், அல்லது நம்பிவிடுவான். இரண்டில் எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. மூன்று மணி வரை காத்திருக்க வழியில்லை. பத்து மணிக்கு ஹீட்டரை மூட்டினாள். பதினொன்றுக்கு, தரை சூடேறிக்கொண்டிருக்கும்போதே, பூச்சு மருந்து இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் கலந்து ஊற்றினாள்.

தூர மூலையில் ஆரம்பித்துப் படியை நோக்கிப் பின்வாங்குவதுதான் முறை. ஈரத்தின் மேல் நடக்க அடியில் ஆணி வைத்த செருப்பு. மருந்து நெடி கண்ணைக் கரித்தது. சாம்பல் நிறக் குழம்பு தேன் போல நகர்ந்து, தானே மட்டமாகி, ரோலர் போன தடத்தையும் மூடிக்கொண்டு பளபளத்தது. கைகள் இருந்த இடம் வந்ததும் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஊற்றினாள். திரும்பிப் பார்த்தபோது அங்கே கைகள் இல்லை. அப்பாடா என்றிருந்தது. மூன்றாம் படியில் போய் உட்கார்ந்தாள்.

முதல் குமிழி அப்போதுதான் வந்தது.

பட்டாணி அளவு. எழுந்து, நின்று, மெல்லிய சத்தத்தோடு உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. சூட்டுக் குமிழிதான், டேரல் சொன்ன சிமெண்ட் மூச்சுதான், ஊசியால் குத்திவிட்டால் அடங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆணிச் செருப்போடு மறுபடி இறங்கினாள். குத்தியதும் அதிலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ அவள் மணிக்கட்டில் பட்டது. எம்மெட் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் தோளில் பட்ட மூச்சு. ஊசி கைநழுவிக் குழம்பில் விழுந்தது. அவள் படிக்கு ஓடினாள்.

குமிழிகள் வேகமெடுத்தன. ஒன்றன்மேல் ஒன்றாக. அவசரமாக. ஆற்றில் மூழ்குகிறவன் விடுவது போல. பிறகு மருந்து இறுக ஆரம்பித்தது. குமிழி எழும்பியது, உடையவில்லை. தோல் மட்டும் உப்பியது. தணிந்தது. மறுபடி உப்பியது, கொஞ்சமாக.

சுரண்டி சுவரில் சாய்ந்திருந்தது. கை நீட்டினால் எட்டும். இப்போது இறங்கினாலும் அந்த ஒரு சாண் இடத்தை வழித்து எடுத்துவிடலாம். அவள் சுரண்டியைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பர்கர் கடை மேசையில் எம்மெட் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாள்.

எழுந்து மேலே போனாள். கதவைச் சாத்தினாள். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை கதவில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த மிஸஸ் ப்ரூயிட் நல்ல மாதிரி. வண்டி நிறுத்த இடம் பிடிக்க அக்கம்பக்கத்தார் தெருவில் போட்டிருந்த மடக்கு நாற்காலியைத் தானே தூக்கி ஓரம் வைத்துவிட்டு, அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். பேஸ்மெண்ட் படியடியில் காலணியைக் கழற்றினார்.

"அடேயப்பா, கண்ணாடி மாதிரி இருக்கேம்மா! நீங்களேவா போட்டீங்க?"

"ஆமாங்க."

"பிள்ளைக்குச் சில்லுன்னு இருக்குமேன்னு பாத்தேன்." காலுறைப் பாதத்தைத் தரையில் தேய்த்துப் பார்த்தார். "கதகதன்னு இருக்கே! அடில சூடு பைப் போட்டிருக்கீங்களா?"

அடியில் எந்தப் பைப்பும் இல்லை. "ஆமாங்க," என்றாள் மறுபடி.

மிஸஸ் ப்ரூயிட் கையெழுத்துப் போட்டார். அன்று இரவு ஜோலீன் சமையலறை விளக்கை அணைக்காமலே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று முயன்று பார்த்தாள், முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் எம்மெட் முதுகுப்பையோடு வந்தான். புதுக் கட்டிலில் குதித்தான், கார்களைத் தரையில் ஓட்டினான், "அம்மா, இது வழுக்குதும்மா, சூப்பரா இருக்கு," என்றான். கைகள் இருந்த இடத்தில் அவள் ஒரு கம்பளத்தை விரித்து வைத்திருந்தாள். அவன் சிரிப்பதைப் பார்த்ததும் இத்தனை நாள் பயந்ததெல்லாம் அசட்டுத்தனமாகத் தோன்றியது. அவனுக்குப் பிடித்த முட்டைக்கோஸ் நூடுல்ஸ் கிளற மேலே வந்தாள். வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசம் எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில்கூட இருந்தது.

அந்த வீட்டில் கணப்புக் குழாய்கள் வழியாகக் கீழே பேசுவது மேலே கேட்கும். விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொள்வது எம்மெட்டின் பழக்கம்தான். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னும் வேணுமா?"

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு பலூன் ஊதுவது போல நீளமாக ஊதும் சத்தம்.

"சரி. இன்னும் ஒண்ணு தர்றேன். ஆனா எனக்கும் கொஞ்சம் வேணும்ல?"

ஊதும் சத்தம்.

"விடு. வலிக்குது. விடேன்."

கரண்டி விழுந்தது. கதவு. படிகள். எத்தனை படி என்று தெரியவில்லை.

"எம்மெட்!"

கம்பளம் ஓரமாகச் சுருண்டு கிடந்தது. அவன் குப்புறப் படுத்திருந்தான். கைகளை விரித்து, வாயைத் தரையில் பதித்து. ஒவ்வொரு கைக்கும் அடியில் இன்னொரு கை. சாம்பல் நிறம். பளபளப்பு. அவன் விரல்களுக்கு இடையே விரல்கள் கோத்திருந்தன.

அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள்.

அவன் வாயருகே பூச்சுக்கு உள்பக்கம் பனி படர்ந்தது. மெல்ல விலகியது. படர்ந்தது. தரை அவனைச் சுமந்துகொண்டு நிதானமாக ஏறி இறங்கியது, வயிறு நிறைந்து தூங்குகிற பிள்ளையின் நெஞ்சு போல.

எம்மெட்டின் முதுகு அசையவில்லை.